நால்வருக்கும் சம பங்கு: ஆர்.இ.எம். இசைக்குழு ஆல்பம் செய்த முறை

டிரம்ஸ் வாசிப்பவர் ஒரு நல்ல மெட்டோடு வந்தால் அது ஆல்பத்தில் ஏறுமா? பல ராக் குழுக்களில் இதைத் தீர்மானிப்பது மெட்டின் தரம் அல்ல, ராயல்டிக் கணக்கு. அமெரிக்காவில் ஒரு பாட்டு சாதாரண வானொலியில் ஒலித்தால் பணம் போய்ச் சேர்வது அதை எழுதியவருக்கும் பதிப்புரிமை வைத்திருப்பவருக்கும்தான். அதில் கிடார் வாசித்தவருக்கோ டிரம்ஸ் வாசித்தவருக்கோ ஒன்றும் வராது. ஒரே வேனில் பசியோடு ஊர் சுற்றிய நான்கு பேரில் பாட்டு எழுதியவர் சில வருடங்களில் வீடு வாங்கிவிடுவார். மற்றவர் வாடகைக்கே திண்டாடுவார். அதன்பிறகு ஒவ்வொரு ஆல்பத்திலும் "என் பாட்டு எத்தனை, உன் பாட்டு எத்தனை" என்ற பேச்சு வந்துவிடும். இசை நின்று, பேரம் ஆரம்பிக்கும்.

ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகரில் 1980-ல் தொடங்கிய ஆர்.இ.எம். இந்தப் பேரத்துக்கு இடமே வைக்கவில்லை. சொந்தப் பாடலை யார் கொண்டுவந்திருந்தாலும், எழுதியவர்கள் என்ற இடத்தில் நான்கு பெயர்களும் ஆங்கில அகரவரிசைப்படி நிற்கும்: பெரி (டிரம்ஸ்), பக் (கிடார்), மில்ஸ் (பேஸ் கிடார்), ஸ்டைப் (பாடகர்). வருமானம் நான்கு சம பங்கு. முக்கியமான முடிவு எதுவானாலும் நால்வரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் வேண்டாம் என்றால் அது நடக்காது. 2024-ல் நியூயார்க்கில் பாடலாசிரியர்களுக்கான புகழ் மன்றத்தில் அவர்களைச் சேர்த்தபோது, டிரம்ஸ் வாசித்தவரும் பேஸ் வாசித்தவரும் பாடலாசிரியர்களாகவே மேடை ஏறினார்கள்.

இந்தக் குழுவின் கிடார் ஒலியைப் பற்றியும், பாடகரின் புரியாத உச்சரிப்பைப் பற்றியும் நிறையவே எழுதியிருக்கிறார்கள். எனக்கு அவற்றைவிடப் பெரிதாகப் படுவது இந்த ஏற்பாடு. அவர்களுடைய மிகச் சிறந்த ஆல்பங்கள் அப்படி அமைந்ததற்கு இதுவே அடிப்படைக் காரணம் என்று நினைக்கிறேன். நால்வரில் ஒருவர் விலகியபோது அதே ஏற்பாடு தடுமாறியதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தக் கதை முழுமையாகும்.

ஏதென்ஸ்

பீட்டர் பக் ஏதென்ஸில் வக்ஸ்ட்ரி என்ற இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தார். மைக்கேல் ஸ்டைப் ராணுவக் குடும்பத்துப் பிள்ளை, ஊர் ஊராக வளர்ந்தவர். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ஓவியக்கலை படிக்க வந்திருந்தார். பக் தனக்கென்று ஒதுக்கி வைத்திருந்த தட்டுகளையே தேடிப் பிடித்து வாங்கிப் போவார் ஸ்டைப். பழக்கம் அப்படித்தான் ஏற்பட்டது. மைக் மில்ஸும் பில் பெரியும் மேக்கன் ஊரில் ஒரே பள்ளிக்கூடம். முதலில் இருவருக்கும் ஆகாது. ஒருமுறை கூடி வாசிக்கப் போன இடத்தில் எதிரெதிரே மாட்டிக்கொண்டு, வாசிக்க வாசிக்கச் சமாதானமாகி, அதற்குப் பிறகு பேஸும் டிரம்ஸுமாகப் பிரியாத ஜோடி ஆனார்கள்.

இந்த நால்வரில் இசையறிவு யாரிடம் அதிகம் என்று பார்த்தால் மில்ஸிடம்தான். பியானோ, பேஸ், பின்குரல் எல்லாம் அவர் கைக்குள். பக் அப்போதுதான் கிடார் பழகிக்கொண்டிருந்தார். ஸ்டைப் கூச்ச சுபாவம் உள்ளவர், ஆனால் மேடையில் எல்லோர் கண்ணும் அவர் மீதுதான் இருக்கும். திறமை ஒரு பக்கம், முகவெளிச்சம் இன்னொரு பக்கம்! வழக்கமான கணக்குப்படி பங்கு பிரித்திருந்தால் இந்தக் குழு மூன்று ஆண்டு தாண்டியிருக்காது.

ஓக்கோனி தெருவில் வழிபாடு நின்றுபோன புனித மேரி எபிஸ்கோபல் தேவாலயம் ஒன்று வாடகைக் குடியிருப்பாக மாறியிருந்தது. ஸ்டைப்பும் பக்கும் அங்கேதான் தங்கியிருந்தார்கள். 1980 ஏப்ரல் 5 அன்று அங்கே ஒரு தோழியின் பிறந்தநாள் கொண்டாட்டம். அதில் வாசித்ததுதான் முதல் கச்சேரி. குழுவுக்குப் பெயரே அதன்பிறகுதான் அகராதியைப் புரட்டி வைத்தார்கள். வட கரோலினாவில் அவர்கள் வாசிப்பதைக் கேட்ட ஜெஃபர்சன் ஹோல்ட் ஏதென்ஸுக்கே குடிவந்து மேனேஜர் ஆனார். சட்டம் படித்துக்கொண்டிருந்த பெர்ட்டிஸ் டவுன்ஸ் கணக்கு வழக்குகளைப் பார்த்துக்கொண்டார். கடைசி வரை கூடவே இருந்தவர் அவர்தான்.

அப்போது அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இப்படிப்பட்ட குழுக்கள் வாசிப்பதற்கென்று அரங்குகளோ வழக்கமான ஊர்ப் பட்டியலோ கிடையாது. ஹோல்ட் ஓட்டிய பழைய நீல நிற வேனில், தலைக்கு ஒரு நாளைக்கு 2 டாலர் சாப்பாட்டுச் செலவோடு அவர்கள் சுற்றினார்கள். 1981 ஏப்ரலில் வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்தில் மிட்ச் ஈஸ்டர் தன் பெற்றோர் வீட்டு கார் ஷெட்டில் வைத்திருந்த டிரைவ்-இன் ஸ்டுடியோவில் 'ரேடியோ ஃப்ரீ யூரோப்' பாட்டைப் பதிவு செய்தார்கள். ஹிப்-டோன் என்ற சிறு நிறுவனம் ஜூலையில் அதை வெளியிட்டது. முதலில் அடித்தது 1,000 தட்டு; அதில் 600 இலவசமாக வானொலிகளுக்கும் பத்திரிகைகளுக்கும் போனது. கல்லூரி வானொலி நிலையங்கள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டன. அந்த ஆண்டின் சிறந்த பத்து சிங்கிள்களில் (தனிப்பாட்டு வெளியீடுகளில்) ஒன்றாக நியூயார்க் டைம்ஸ் அதைக் குறிப்பிட்டது.

அதைவிடப் பெரிய இசைத்தட்டு நிறுவனத்துக்கு வழி திறந்ததும் டிரம்ஸ்காரர்தான். மேக்கனில் கச்சேரி ஏற்பாடு செய்யும் ஒரு முகமை அலுவலகத்தில் பெரி வேலை பார்த்தபோது இயன் கோப்லாண்ட் நண்பரானார். இயனின் அண்ணன் மைல்ஸ் கோப்லாண்ட் நடத்தியதுதான் ஐ.ஆர்.எஸ். நிறுவனம். 1982 மே மாதம் ஒப்பந்தம் ஆனது. ஆகஸ்ட்டில் 'க்ரானிக் டவுன்' என்ற ஐந்து பாட்டு கொண்ட சிறிய இசைத்தட்டு வந்தது.

வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி ஒரு ஆல்பம்

முதல் முழு ஆல்பத்துக்கு ஐ.ஆர்.எஸ். தேர்ந்தெடுத்த தயாரிப்பாளர் ஸ்டீஃபன் ஹேக். துல்லியம்தான் அவருக்குப் பெரிது. 'கேட்டபல்ட்' என்ற ஒரே பாட்டை மறுபடி மறுபடி வாசிக்க வைத்தார். அதில் மனம் உடைந்தவர் பெரி. போதாக்குறைக்கு, பதிவான டேப்பை பாஸ்டனுக்கு எடுத்துப்போய், குழுவைக் கேட்காமலே கீபோர்டு இசையைச் சேர்த்துவிட்டார் ஹேக். அந்தக் காலத்தில் வானொலியில் ஓட வேண்டுமானால் சிந்தசைசர் என்ற மின்னணுக் கீபோர்டு இருக்க வேண்டும் என்பது பொது நம்பிக்கை. ஹேக் பின்னாளில் அதே துறையில் பெரும் வெற்றி கண்டவர். ஆகவே அவர் செய்தது அறியாமையால் அல்ல. ஆனால் நான்கு பேர் ஒப்புக்கொண்டால்தான் எதுவும் நடக்கும் என்றிருக்கும் குழுவில் அது ஒத்துவரவில்லை.

அவர்கள் ஐ.ஆர்.எஸ்.ஸிடம் போய், ஈஸ்டரோடுதான் வேலை செய்வோம் என்றார்கள். நிறுவனம் தயங்கி, ஒரு பாட்டை மட்டும் சோதனையாகச் செய்துகாட்டச் சொன்னது. ஈஸ்டரும் அவருடைய கூட்டாளி டான் டிக்சனும் 'பில்கிரிமேஜ்' பாட்டைப் பதிவு செய்து கொடுத்தார்கள். அதைக் கேட்டபின் அனுமதி வந்தது. 1983 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் வட கரோலினாவின் சார்லட் நகரில் உள்ள ரிஃப்ளெக்‌ஷன் ஸ்டுடியோவில் 'மர்மர்' உருவானது.

பட்ட சூடு அவர்களை ஒரு கொள்கைக்குக் கொண்டுபோயிருந்தது. எதைச் செய்வது என்பதைவிட எதைச் செய்யக்கூடாது என்பதில் உறுதியாக நின்றார்கள். நீண்ட கிடார் சோலோ வேண்டாம். அன்றைய மோஸ்தர் சிந்தசைசர் வேண்டாம். தயாரிப்பாளர்கள் ஏதாவது வித்தியாசமாகச் சொன்னால் முதலில் முகம் சுளித்தவர் பெரி. ஈஸ்டரும் டிக்சனும் பொறுமையாகக் கேட்டு, பேசி, சிலவற்றுக்குச் சம்மதம் வாங்கினார்கள். டிரம்ஸ் தனிக் கூண்டுக்குள் வைத்துப் பதிவானது. அந்நாளிலேயே அது பழைய பாணி. ஸ்டைப் ஸ்டுடியோவை ஒட்டிய மாடிப்படியில், விளக்கை அணைத்துவிட்டு, ஆள் கண்ணில் படாமல் பாடினார்.

ஹெட்போன் போட்டு அந்த ஆல்பத்தைக் கவனித்துக் கேட்டால் ஒன்று தெரியும். பாடகர் குரல் முன்னே வந்து நிற்கவில்லை. கிடாரும் குரலும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. மெட்டை நகர்த்திப் போவது பல இடங்களில் மில்ஸின் பேஸ். பக் கிடாரில் நரம்பு நரம்பாக மீட்டி அதற்கு வழிவிடுகிறார். பின்னால் மில்ஸும் பெரியும் வேறு வேறு வரிகளைப் பாடுகிறார்கள். வரிகள் புரியவில்லை என்று குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. பங்கு பிரித்ததைப் போலவே ஒலியையும் பிரித்திருக்கிறார்கள்.

'பெர்ஃபெக்ட் சர்க்கிள்' இதற்கு முதல் சாட்சி. ஆல்பத்தின் மிக மென்மையான பாட்டு அது. மெட்டு பெரும்பாலும் பெரியுடையது. டிரம்ஸ்காரரின் பியானோ மெட்டு, அறிமுக ஆல்பத்திலேயே, யாரும் முணுமுணுக்காமல் இடம்பெறுகிறது.

ஏப்ரலில் வெளியான 'மர்மர்' அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசைப் பட்டியலில் 36-ஆம் இடம் வரை போனது. ஆண்டு முடிவில் விற்றது சுமார் 2,00,000. மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' உலகத்தையே ஆட்டிக்கொண்டிருந்த அந்த 1983-ல், ரோலிங் ஸ்டோன் இதழின் விமர்சகர்கள் ஆண்டின் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தது இதைத்தான்.

அடுத்த ஐந்தாண்டுகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஆண்டுக்கு ஒரு ஆல்பம், இடைவிடாத பயணம். 1985-ல் லண்டனில் தயாரிப்பாளர் ஜோ பாய்டோடு செய்த ஆல்பத்தின்போது குளிர், மழை, ஊர் ஏக்கம் எல்லாம் சேர்ந்து குழு உடையும் நிலைக்குப் போனது. 1986-ல் டான் கெமன் என்ற தயாரிப்பாளர் ஸ்டைப்பை வரிகள் கேட்கும்படி பாடச் சொன்னார்; குரல் மேலே வந்தது. 1987-ல் ஸ்காட் லிட் தயாரிப்பாளராக வந்து சேர்ந்தார். 'டாக்குமென்ட்' அமெரிக்காவில் 10 லட்சம் விற்றது. லிட்டோடு மொத்தம் ஆறு ஆல்பங்கள். 1988-ல் வார்னர் பிரதர்ஸ் ஒப்பந்தம். படைப்பில் தலையிட மாட்டோம் என்ற உறுதிதான் அவர்களை அங்கே இழுத்தது. அமெரிக்க அதிபர் தேர்தல் நாளான நவம்பர் 8 அன்று 'கிரீன்' வெளியானது.

கருவிகளை மாற்றிக்கொண்ட வருடங்கள்

1989 முழுக்க உலகம் சுற்றிவிட்டு வந்தபோது அவரவர் வாத்தியமே அவரவருக்கு அலுத்துப்போயிருந்தது. பக் ஒரு மாண்டலின் வாங்கி, தொலைக்காட்சி முன் உட்கார்ந்து பழகினார். பக்கத்தில் டேப் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் போட்டுக் கேட்டபோது, பழகும் பிசிறுகளுக்கு நடுவே ஒரு முழு மெட்டு இருந்தது. 'லூசிங் மை ரிலிஜன்' அப்படிப் பிறந்தது. ஸ்டைப் அதை ஒரே டேக்கில் பாடினார். மார்க் பிங்கம் அமைத்த வயலின் பகுதிகளை அட்லாண்டா சிம்பொனி கலைஞர்கள் வாசித்தார்கள்.

கூட்டமாகச் சேர்ந்து பாடும்படியான பல்லவி கிடையாது, முன்னணியில் மாண்டலின். அதை முதல் சிங்கிளாக விட வார்னர் தயங்கியது. பில்போர்டில் 4-ஆம் இடம் வரை போனது. அதன் வீடியோவை இயக்கியவர் ஜலந்தரில் பிறந்த தர்செம் சிங். இந்தியப் படங்களில் உள்ள மிகை உணர்ச்சியும் கனவுச் சாயலும் வேண்டும் என்று கேட்டுச் செய்தவர் அவர். அந்த வீடியோவுக்கும் பாட்டுக்கும் ஆல்பத்துக்குமாக 1992-ல் மூன்று கிராமி விருதுகள். 'அவுட் ஆஃப் டைம்' உலகெங்கும் ஒரு கோடிக்கு மேல் விற்றது. அவ்வளவு விற்ற ஆல்பத்துக்குச் சுற்றுப்பயணமே போகவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். களைத்துப்போயிருந்தார்கள், போகவில்லை. அந்த முடிவை எடுக்கும் உரிமை அவர்களிடமே இருந்தது.

1991 கோடையில் பக், மில்ஸ், பெரி மூவரும் ஸ்டைப் இல்லாமல் ஏதென்ஸில் கூட ஆரம்பித்தார்கள். மெட்டு முதலில், வரி பிறகு என்பதுதான் அவர்கள் வழக்கம். இந்த முறை இன்னொன்றும் செய்தார்கள்: மில்ஸ் பியானோவிலோ ஆர்கனிலோ உட்காருவார், பெரி பேஸை எடுத்துக்கொள்வார், பக் மாண்டலினைப் பிடிப்பார். அப்படியானால் டிரம்ஸ்? அங்கே யாரும் இல்லை. பெரி நகர்ந்ததும் தாளம் முன்னே துரத்துவது நின்று, மெட்டுகள் தாமாகவே மெதுவாக நடக்கத் தொடங்கின. வேகமான ராக் ஆல்பம் செய்வதாகத்தான் திட்டம். வந்ததோ மரணம், முதுமை, கடந்த இளமை பற்றிய 'ஆட்டோமேட்டிக் ஃபார் தி பீப்பிள்'. 1992 அக்டோபரில் வெளியானது. ஏதென்ஸில் வீவர் டி நடத்திய உணவகத்தின் வாசகம்தான் தலைப்பு.

இந்த ஒரு ஆல்பத்தை வைத்தே முழு வாதத்தையும் சோதித்துப் பார்த்துவிடலாம். 'எவ்ரிபடி ஹர்ட்ஸ்' பெரும்பாலும் பெரி எழுதியது. அதில் தொடக்கத்திலிருந்து தாளத்தைப் பிடித்துச் செல்வது அவர் கை அல்ல, யூனிவாக்ஸ் என்ற மலிவான பழைய டிரம் மெஷின். தன் மெட்டுக்குத் தன் வாத்தியமே வேண்டாம் என்று விட்டுக்கொடுக்க ஒரு டிரம்ஸ்காரரால் முடிந்திருக்கிறது. 'நைட்ஸ்விம்மிங்' மில்ஸின் மெட்டு: அவருடைய பியானோ, ஸ்டைப்பின் குரல், வயலின்கள், ஓபோ என்ற குழல் வாத்தியம். கிடாரும் இல்லை, டிரம்ஸும் இல்லை. பக், பெரி இருவரும் அந்தப் பாட்டில் வாசிக்கவே இல்லை. ஆனாலும் எழுதியவர்களாக அவர்கள் பெயர்களும் இருக்கின்றன, பங்கும் போகிறது. வேறொரு குழுவாக இருந்தால், "எனக்கும் ஒரு இடம் கொடு" என்று கிடார் ஒரு மூலையிலாவது நுழைந்திருக்கும். அப்படி நுழைந்திருந்தால் அந்தப் பாட்டின் வெறுமை கெட்டிருக்கும். வாசிக்காமல் இருந்தாலும் நஷ்டமில்லை என்ற நிலைதான் பாட்டுக்கு எது தேவை என்று மட்டும் யோசிக்க விட்டது.

லெட் செப்பலின் குழுவின் ஜான் பால் ஜோன்ஸ் நான்கு பாடல்களுக்கு வயலின் பகுதிகளை அமைத்தார். கடைசியாக மிஞ்சி நின்றது பெரியும் பக்கும் சேர்ந்து போட்ட ஒரு மெட்டு. வரிகள் வரவில்லை, வெறும் இசையாகவே விட்டுவிடலாம் என்றார் ஸ்டைப். மற்ற மூவரும் விடவில்லை. ஒலிக்கலவை சியாட்டிலில் நடந்துகொண்டிருந்தது. ஸ்டைப் வாக்மேனில் அந்த மெட்டைப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார். நகைச்சுவைக் கலைஞர் ஆண்டி காஃப்மனைப் பற்றிய 'மேன் ஆன் தி மூன்' அந்தக் கடைசி நாட்களில் எழுதி, பாடி, சேர்க்கப்பட்டது. ஒருவர் தடுத்தால் நிற்கும் என்ற விதி இருந்த குழுவில், மூவர் சேர்ந்து ஒருவரை இழுத்துக்கொண்டு போகவும் முடிந்தது. தடுப்பதற்கு உரிமை உள்ளவர்களிடம்தான் கெஞ்சிக் கேட்பதற்கும் அர்த்தம் இருக்கிறது.

மூவரான பின்

1995 மார்ச் 1 அன்று, சுற்றுப்பயணத்தின் நடுவே, சுவிட்சர்லாந்தின் லோசான் நகர மேடையில் பெரி நிலைகுலைந்தார். மூளை ரத்தக்குழாயில் வீக்கம். உடனே அறுவை சிகிச்சை. அதே பயணத்தில் மில்ஸுக்கு வயிற்றிலும் ஸ்டைப்புக்குக் குடலிறக்கத்துக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. பெரி மீண்டு வந்து பயணத்தை முடித்தார். பெருமளவு அந்தப் பயணத்தின்போதே பதிவு செய்த 'நியூ அட்வென்சர்ஸ் இன் ஹை-ஃபை' 1996-ல் வந்தது. அதே ஆண்டு வார்னரோடு ஐந்து ஆல்பங்களுக்குப் புதிய ஒப்பந்தம். 8 கோடி டாலர் என்று செய்திகள் சொல்லின. 1997 அக்டோபரில் பெரி விலகினார். பின்னர் ஏதென்ஸை ஒட்டிய நிலத்தில் விவசாயம் பார்த்தார்.

யாராவது ஒருவர் போனாலும் குழுவைக் கலைத்துவிடுவோம் என்று அவர்கள் முன்பெல்லாம் சொல்லிவந்தார்கள். தான் போவதால் குழு கலையும் என்றால் போகவில்லை என்றார் பெரி. அவரைச் சங்கடப்படுத்தாமல் அனுப்ப வேண்டுமானால் மற்றவர்கள் தொடர்ந்தே ஆக வேண்டும். மூன்று கால் நாயும் நாய்தான், ஓடும் விதத்தைத்தான் மாற்றிக் கற்க வேண்டும் என்ற பொருளில் ஸ்டைப் அப்போது சொன்னது பிரபலமானது.

கற்றுக்கொள்வது எளிதாக இல்லை. 1998-ன் 'அப்' ஆல்பத்தில் பெரியும் இல்லை, லிட்டும் இல்லை. பேட் மெக்கார்த்தி தயாரித்தார். டிரம் மெஷின்களும் கீபோர்டுகளும் பெரியின் இடத்தை நிரப்பின. ஸ்டுடியோவில் மூவரும் பேசிக்கொள்ளாத அளவுக்குப் போய், முறிவின் விளிம்பைத் தொட்டுத் திரும்பினார்கள். அந்த ஆல்பத்தை நான் மட்டமாகச் சொல்ல மாட்டேன். சில பாடல்கள் அவர்களுடைய ஆகச் சிறந்தவற்றோடு நிற்கும். பெரி இல்லாததால்தான் ஆல்பங்கள் நீண்டுவிட்டன என்று சொல்பவர்கள் உண்டு. 'அப்' 64 நிமிடம் ஓடுகிறது, உண்மை. ஆனால் பெரி இருந்த 'நியூ அட்வென்சர்ஸ்' அதைவிட ஒரு நிமிடம் நீளம். நீளத்தில் காரணம் தேட முடியாது.

தடுமாறியதற்குக் காரணம் ஒரே அறை இல்லாமல் போனது என்று நினைக்கிறேன். 1980 முதல் அவர்களுடைய சம உரிமை வேலை செய்த இடம் ஒரு பயிற்சி அறை. ஒருவர் வாசிக்க, அடுத்தவர் முகம் சுளிக்க, மூன்றாமவர் வாத்தியத்தை மாற்ற, அங்கேயே தீர்ப்பு வந்துவிடும். அந்த அறையை நடத்தியது தாளம். பெரிக்குப் பின் நல்ல டிரம்ஸ் கலைஞர்கள் வந்தார்கள்: ஜோயி வாரோன்கர், பாரெட் மார்ட்டின், பிறகு பல ஆண்டுகள் பில் ரீஃப்ளின். ஆனால் அவர்கள் சம்பளத்துக்கு வாசித்தவர்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இல்லை. நான்காம் நாற்காலியை நிரப்பவே இல்லை. பாடல்கள் துண்டு துண்டாகப் பதிவாகி, அடுக்கடுக்காகச் சேர்க்கப்பட்டன. 2004-ன் 'அரௌண்ட் தி சன்' நடுவில் ஒரு சுற்றுப்பயணத்தால் விட்டு விட்டுச் செய்யப்பட்டது. வாசித்தவர்களுக்கே அந்தப் பாடல்கள் சலித்துப்போயிருந்தன என்று பக் பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். மூன்று பெயர்களும் சமமாகத்தான் இருந்தன. சமமாகப் பிரிக்கப் பணம் இருந்தது, சேர்ந்து உட்கார நேரம் இல்லை.

அதற்கு மருந்தாக அவர்கள் பழைய வழிக்கே திரும்பினார்கள். 2007 கோடையில் டப்ளின் ஒலிம்பியா அரங்கில் ஐந்து இரவுகள், பாதி வெந்த புதுப் பாடல்களை ரசிகர்கள் முன்னால் வாசித்துப் பார்த்தார்கள். இது கச்சேரி அல்ல, பயிற்சி என்று அறிவித்தே செய்தார்கள். எங்கே இழுக்கிறது, எங்கே எடுபடுகிறது என்று மேடையிலேயே தெரிந்தது. ஜாக்நைஃப் லீ தயாரிப்பில் ஒன்பது வாரத்தில் பதிவு முடிந்தது. 2008-ல் வந்த 'அக்சலரேட்' 11 பாட்டு, 35 நிமிடத்துக்கும் குறைவு. அமெரிக்காவில் 2-ஆம் இடம், பிரிட்டனில் முதலிடம்.

2011 மார்ச்சில் 'கொலாப்ஸ் இன்டு நௌ' வந்ததோடு வார்னருக்குக் கொடுக்க வேண்டிய ஐந்து ஆல்பங்களும் முடிந்தன. செப்டம்பர் 21 அன்று குழுவை முடித்துக்கொள்வதாக மூவரும் சேர்ந்து அறிவித்தார்கள். உரிமை கேட்டு யாரும் நீதிமன்றம் போகவில்லை. மறுபடி சேர்ந்து சுற்றுப்பயணம் போவீர்களா என்ற கேள்வி அன்று முதல் தொடர்ந்து வருகிறது. ஒவ்வொரு முறையும் இல்லை என்றே சொல்கிறார்கள்.